வேம்பிக்குக் கேட்காத குரல்

பறவையும் விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போது மனிதர் தலைக்குள் தாளம் என்று ஒன்று கிடையாது. கண்ணும் காதும் பழைய நினைவும் பயமும் தமக்குத் தோன்றிய நேரத்தில் எல்லாம் உள்ளே கத்தும். சும்மா இருக்கும்போது அதனால் தொல்லையில்லை. புலி வரும்போதுதான் வினை. எல்லாக் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழ, கால் எந்தப் பேச்சையும் கேட்க முடியாமல் அப்படியே நின்றுவிடும். புலிக்கு இது நன்றாகத் தெரியும். ஆற்றங்கரைக் குடியிருப்பில் அந்தக் கோடையில் மட்டும் ஒன்பது பேர் நின்ற இடத்திலேயே செத்தார்கள்.

ஒருநாள் காலை வேம்பியும் அவள் கணவன் கோடனும் ஆறு வயது மகள் சில்லியைக் கூட்டிக்கொண்டு கிழங்கு தோண்டப் போனார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் புல். தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமடித்து அலறியது.

"புலி வருது! ஓடுங்க! ஓடுங்க!"

வேம்பி எழுந்தாள். அதற்குமேல் அசைய முடியவில்லை. புல் ஆடுகிறது என்றது கண். உறுமல் கேட்கிறது என்றது காது. போன மாதம் புலி அக்காவை இழுத்துப் போன இடத்தை நினைவு காட்டியது. எல்லாம் ஒரே இரைச்சல். புலியின் வாடை மூக்கில் ஏறியது.

"அம்மா, வா!" சில்லி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

கால் நகரவில்லை. வேம்பியால் தாங்க முடியவில்லை. சாவு வீட்டில் அடித்துக்கொள்வதுபோல உள்ளங்கையால் நெற்றியில் ஓங்கி அடித்தாள். அந்த அடிக்கு உள்ளே எல்லாக் குரலும் சட்டென்று அடங்கியது. அடங்கிய அந்த இடைவெளியில் கண் மட்டும் சொன்னது: "இடது பக்கம் வருது." மறுபடி அடித்தாள். காது சொன்னது: "ஆறு வலது பக்கம்." மூன்றாவது அடி விழுந்தது. ஓடு என்ற சொல் காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு கை நெற்றியில் அடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றில் இறங்கி, மார்பளவு தண்ணீரைக் கடந்து, அக்கரையில் போய் விழுந்தாள்.

"அப்பா எங்கடி?"

சில்லி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"அப்பா காலு குழியில மாட்டிக்கிச்சும்மா. கையைக் குடுன்னு மூணு தடவை கூப்பிட்டாரு. நீ ஏன் திரும்பவே இல்ல?"

"யாரும் கூப்பிடலையே, கண்ணு."

"சத்தமாத்தான் கூப்பிட்டாரு. நீ நெத்தியில அடிக்க அடிக்க, கூடவே கூப்பிட்டாரு."

வேம்பி கையைப் பார்த்தாள். அது எப்போதோ ஓய்ந்திருந்தது. உள்ளே அடி மட்டும் நிற்கவில்லை. விட்டு வந்த கரையின் புல்லில் எந்த அசைவும் இல்லை. நான்காவது தடவை கூப்பிடுவான் என்று இருட்டும்வரை காத்திருந்தாள். குருவிகூடப் பேசவில்லை.

அவள் பிள்ளைகள் வழியாகவும் பிள்ளைகளின் பிள்ளைகள் வழியாகவும் வந்த அந்தத் தாளம்தான் இன்றும் நம் எல்லோர் தலைக்குள்ளும் ஓயாமல் அடிக்கிறது. இரண்டு அடிக்கு நடுவே வரும் சொல் உள்ளே போகும்; அடியோடு சேர்ந்து வரும் சொல், பெற்ற பிள்ளையே பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும், நமக்குக் கேட்பதில்லை.