வெள்ளைப் பாறைக்கு இந்தப் பக்கம்

முப்பது ஆண்டுகள் பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்ற இன்னாசிமுத்து, ஒரு சின்னஞ்சிறு விமானத்தை மலைமேல் இறக்கக் கற்றுக்கொள்ள வந்தார். கற்பித்த தமயந்தி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"டீச்சரம்மா, இதில் மிகக் கடினமானது எது?" என்று முதல் நாளே கேட்டார்.

"அந்த இடம் வரட்டும் கேப்டன், சொல்கிறேன்."

மேலே இருந்த ஓடுதளம் ஒரு சரிவு. மேட்டை நோக்கி இறங்க வேண்டும். தளம் முடியுமிடத்தில் மலைச்சுவர். தளத்துக்குச் சற்று முன்னால், பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளைப் பாறை. அதுவரை விமானத்தைத் திருப்பலாம். தாண்டிவிட்டால் திரும்ப இடமில்லை. இறங்கியே ஆக வேண்டும்.

"சரிவு கண்ணை ஏமாற்றும். அதிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். அதை நம்பித் தாழ்ந்துவிடாதீர்கள்."

மூன்றே நாளில் அது அவருக்குக் கைவந்தது. இருபது நாளில் இருபது முறை இறக்கினார். ஆனாலும் அவர் தனியே பறக்கும் அனுமதியில் தமயந்தி கையெழுத்திடவில்லை.

நாள்தோறும் இருவருக்குமான சாப்பாட்டை டிபன் கேரியரில் கொண்டுவந்து, அடிவாரத் தளத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்புவார். மேலே போனால் பத்து மணிக்குக் காற்று எழும், அடங்க மாலையாகிவிடும். மலையூர்க்காரர்கள் விருந்து வைக்காமல் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது கேரியரில் சோறு விறைத்துக் கிடக்கும்.

"மேலேதான் மூக்கு முட்டச் சாப்பிடுகிறோமே, இதை எதற்குச் சமைக்கிறீர்கள்?"

"பழக்கம்."

"சாம்பாரை நினைத்தால் பாவமாக இருக்கிறது."

தமயந்தி சிரித்தார்.

மழைக்காலத்துக்கு முந்தைய கடைசி நாள் வந்தது. மறுநாள் தளத்தை மூடினால் திறக்க நான்கு மாதமாகும்.

"அதற்குப் பிறகு என் கண்ணை டாக்டர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ. இன்றைக்காவது கையெழுத்துப் போட்டுவிடுங்கள்."

"பார்ப்போம்."

உப்பு மூட்டைகளோடு ஏறினார்கள். தூரத்தே, மேலே தளத்தருகில் ஊரே திரண்டு நின்று கையசைத்தது. யாராவது மாலைகூட வைத்திருப்பார்கள். இன்னாசிமுத்து தளத்தின் ஓரத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்தார். நேராக நின்ற பை தொய்ந்தது, மறுபக்கம் புரண்டது, மீண்டும் நேரானது.

வெள்ளைப் பாறை நெருங்கியது. ஓரக்கண்ணால் தமயந்தியைப் பார்த்தார். அவர் மடியில் கைகோத்து அமர்ந்திருந்தார்.

இன்னாசிமுத்து விமானத்தைத் திருப்பினார். கையசைத்தவர்கள் இறக்கைக்குப் பின்னால் மறைந்தார்கள்.

அடிவாரத்தில் இறங்கிய பின்னும் அவர் இருக்கையைவிட்டு எழவில்லை.

"இறக்கியிருக்க முடியுமா?"

"முடிந்திருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா."

"விமானம் உங்கள் கையில் இருந்தது."

அவர் தலைகுனிந்தார். "நான்கு மாதம், இல்லையா?"

தமயந்தி அவருடைய பறப்புப் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்திட்டார்.

இன்னாசிமுத்து அந்த மை காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்று நான் இறக்கவே இல்லையே?"

"நீங்கள் இறக்குவீர்கள் என்பது மூன்றாம் நாளே தெரியும்."

அலுவலகத்திலிருந்து கேரியரை எடுத்துவந்து, விமானத்தின் நிழலில் வைத்து மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது.

"வாருங்கள் கேப்டன். இருபத்தொரு நாளாகச் சமைக்கிறேன். இன்றுதான் சூடாகச் சாப்பிட வந்திருக்கிறீர்கள்."