பிறவியிலேயே வரும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் தொடங்கும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் வெளியே துடைப்பத்தோடு நிற்பார்கள். தலைமையாசிரியர் சிதம்பரதாணு வைத்ததுதான் அங்கே சட்டம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா, "பொம்பளப் பிள்ளைங்க மட்டும் ஏன் கணக்குல ஃபெயில்?" என்று கேட்டார்.

"பையன்களுக்குக் கணக்கு பிறவியிலேயே வரும் மேடம். இதுகளுக்குத் துடைப்பந்தான் பிறவியிலேயே வரும்," என்ற தலைமையாசிரியர், எட்டாம் வகுப்பு பேச்சிக்கனியை உள்ளே கூப்பிட்டார். அவளுக்கு யாரும் நடத்தாத கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதினார். "போடு பார்ப்போம்!"

"தெரியாது சார்."

"பார்த்தீங்களா மேடம்!"

"தெரியாததைச் சொல்லிக்குடுக்கத்தானே சார் பள்ளிக்கூடம்?" என்றாள் பேச்சிக்கனி. "கணக்கு தெரியாத நாங்க உள்ள உட்கார்றோம். துடைப்பம் பிடிக்கத் தெரியாத பையனுங்க வெளிய போய்க் கத்துக்கட்டும்."

அதிகாரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னையிலிருந்தே இவங்களுக்கும் கணக்கு நடத்துங்க," என்று உத்தரவு பிறந்தது. பேச்சிக்கனி ஓடிப்போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தனக்குத் தட்டில் வந்த வடையைத் தின்று முடித்த அதிகாரியம்மா, ஏப்பம் விட்டபடி வகுப்பைப் பார்த்தார். "யாராவது ஒரு பொம்பளப் பிள்ளை வந்து இந்தத் தட்டைக் கழுவி வைம்மா."

பையன்கள் எல்லோரும் பேச்சிக்கனியைப் பார்த்தார்கள். அவள் தட்டோடு குழாயடிக்குப் போனாள்.

உள்ளே கணக்குப் பாடம் தொடங்கியது.