கபடிக் கோப்பை வாங்கிய தாளாளர்

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் தாளாளர் வேதகிரி, இரண்டு படி ஏறினாலே சோடா கேட்பவர். கேட்டால் பேசுகிற கணினி ஒன்றை வாங்கி மேடையில் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒரே கணக்கைப் பத்துத் தடவை கேட்டாலும் அது முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தது.

தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த வடிவு டீச்சரைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார்.

"இனி டீச்சர் எதுக்கு? இதுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒண்ணு கேளும்மா. முடியலேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

வடிவு கணினியிடம் கேட்டாள். "எங்க தாளாளர் ஐயா மாநிலக் கபடிக் கோப்பையை எப்படி வாங்கினாங்க?"

"கடைசி நிமிடத்தில் நான்கு பேரை இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டார். ஊரே அவரைத் தோளில் தூக்கியது" என்றது கணினி.

கபடிக் களத்தை மிதித்தே அறியாத தாளாளர் நெளிந்தார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"தோத்துட்டேன் ஐயா. அதுக்குப் பதில் தெரியாத கேள்வியே கிடையாது. நடக்காததுக்கும் பதில் வச்சிருக்கு. எது நிஜம்னு பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

தாளாளர் சோடாவைக் குடித்து முடித்தார். "நீயே அது பக்கத்துல இரு தாயி" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கபடி சமாச்சாரத்தை மட்டும் அழகா அச்சடிச்சுக் குடு. வீட்ல மாட்டணும்."