குகைக்குள் வளர்ந்த ஓமவல்லி

மலையடிக் குகை ஒன்றில் வெள்ளச்சி என்ற முயலும் அவள் மகள் சின்னியும் இருந்தார்கள். அந்த வருஷம் பேய்மழை! காடு முழுக்க வெள்ளம். வாசலைத் தாண்டிக் கால் வைக்க வழியில்லை. சின்னிக்கோ நெஞ்சு நிறையச் சளி. இருமி இருமிக் குட்டி துவண்டுபோனது.

சளிக்கு மருந்து வெள்ளச்சியிடமே இருந்தது. குகைக்குள் ஓர் ஓமவல்லிச் செடி வளர்த்துவந்தாள். உள்ளே வெயில் ஏது? கூரையில் தொங்கிய மின்மினிகளின் வெளிச்சம்தான். செடி குடை மாதிரி அடர்ந்து நின்றது. ஆனால் ஓர் இலையைக் கிள்ளுவாளா? ஊஹும்!

"இருட்டுக்குள்ளே பாடுபட்டு வளர்த்த செடி! கிள்ளினால் பட்டுப்போயிடும்!" என்பாள். தானாக உதிர்ந்த பழுப்பு இலைகளைத்தான் குட்டிக்கு ஊட்டினாள். அந்தச் சருகில் என்ன சாரம் இருக்கும்? இருமல் நின்றபாடில்லை.

போகப்போக அடி இலைகளெல்லாம் மஞ்சளாகிக் கொட்டின. தண்டும் அழுகத் தொடங்கியது. வெள்ளச்சிக்குப் பகீரென்றது.

"மின்மினிகளே, இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரியக் கூடாதா?" என்று கெஞ்சினாள்.

"நல்லா இருக்கே நியாயம்! இதுக்கு மேலே எரிஞ்சா நாங்க செத்துத்தான் விழணும்!" என்றது அவற்றின் தலைவி மினுக்கி.

வெள்ளச்சி செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாறையோரமாக, அவள் எட்டிப் பார்க்காத பக்கத்தில், மேல் இலைகளில் பெரிய ஓட்டை! பல நாளாய்த் தின்று கொழுத்த பச்சைப்புழு ஒன்று அங்கே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! என் குட்டியோட மருந்தையா தின்னே? உன்னை வெள்ளத்தில் எறியாமல் விடமாட்டேன்!"

"ஐயோ அக்கா, பசி தாங்கலை!"

புழுவைப் பிடிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓட்டை வழியாக வெளிச்சம் அடித்தண்டுவரை விழுந்திருந்தது. அது விழுந்த இடத்தில் மட்டும் இரண்டு பச்சைத் துளிர்கள்!

"அடி மினுக்கி! உங்க வெளிச்சத்தில் குறையே இல்லையடி! மேல் இலைகள்தான் அதைக் கீழே இறங்கவிடவில்லை. காப்பாற்றுகிறேன் என்று நானே கொல்லப் பார்த்தேனே!"

"இப்பவாவது புரிஞ்சுதே, தாயே!" என்றது மினுக்கி.

மறைத்து நின்ற மேல் இலைகளை ஒவ்வொன்றாகக் கடித்து எடுத்தாள். அவற்றைக் கசக்கிச் சின்னிக்குச் சாறு கொடுத்தாள். சில நாளில் அழுகல் நின்றது. தண்டெங்கும் துளிர் வெடித்தது. ஒரு காலையில் குட்டி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது!" என்றது.

அப்பாடா! வெள்ளச்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அக்கா, நான் வெளியே போகணுமா?" என்று பயந்தபடியே கேட்டது புழு.

"மழை விடட்டும், இரு. மேலே அடர்ந்தால் மட்டும் தின்னு. துளிரில் வாய் வைத்தாயோ, தொலைத்துவிடுவேன்!"

அளவுக்கு மிஞ்சியதைக் கழிக்க மனசு வராதவர்கள், காக்க நினைத்ததையே பறிகொடுத்துவிடுவார்கள்.