பொட்டு வைத்த கரணை

அல்லிக்குளத்துக் கரையில் வளை தோண்டிக் குடியிருந்தது பெருச்சாளி பொன்னம்பலம். அதன் மனைவி மரகதம். பிறந்து பத்து நாளான குட்டிகள் நான்கு. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

வளையை ஒட்டி ஒரு ஷெட். கொட்டாங்கச்சி வண்டியை நிறுத்தக் கட்டியது. வண்டி மட்டும் வெயிலில் நிற்கும். உள்ளே உடைந்த குடைக்கம்பி, பிடியில்லாத சுத்தியல், மூடியில்லாத டப்பா, டப்பாவில்லாத மூடி!

புரட்டாசிக் கடைசி. குட்டிகள் படுக்கும் அறைச் சுவரில் வால் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். சுவருக்கு அந்தப் பக்கம் குளம். ஒரு பெரிய மழை பெய்தால் தண்ணீர் விரிசல் வரை ஏறிவிடும்.

"என்னங்க, இந்த விரிசலைக் கொஞ்சம் பூசிடுங்க. மழை வந்தா பிள்ளைங்க மிதக்கும்!" என்றது மரகதம்.

"பூசலாம். களிமண் பூசுற கரணை எங்கே?"

"ஷெட்டுல எங்கேயாவது கிடக்கும்."

"எங்கேயாவது! இதுதான் இந்த வீட்டோட வியாதி. முதல்ல ஷெட்டை ஒழுங்கான பட்டறையா மாத்தறேன். அப்புறம் பாரு, விரிசலெல்லாம் ஒரு வேலையா!"

"முதல்ல விரிசலை அடைச்சுட்டு, மிச்ச ஆயுசு பூரா பட்டறை கட்டுங்களேன்!"

"உனக்கு சிஸ்டம்னா என்னன்னு தெரியாது மரகதம்."

பொன்னம்பலம் இரண்டு நாள் சாமான்களை வெளியே எடுத்தது. இரண்டு நாள் இடுப்பில் கைவைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. கரணை முதல் நாளே கிடைத்துவிட்டது.

"கிடைச்சிடுச்சே! பூசுங்க!"

"பூசிட்டு எங்கே மாட்டுறது? அதுக்கு ஆணியே இன்னும் அடிக்கலை!"

பக்கத்து வேலியில் இருந்த ஓணான் சபாபதி தினமும் வேடிக்கை பார்க்க வந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு பொந்துகூடக் கிடையாது. ஆனால் அடுத்தவர் வீட்டை எப்படிக் கட்டவேண்டும் என்று நன்றாகத் தெரியும். "இந்த மாதிரி பட்டறை நம்ம கரையிலேயே கிடையாதுண்ணே!" என்று தலையாட்டியது.

பொன்னம்பலம் பலகை அடித்தது. ஆணிகளை நீளவாரியாகப் பிரித்தது. சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கரியால் வரைந்து, அதன்மேல் அந்தந்தக் கருவியை மாட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. விரிசல் அப்படியே இருந்தது.

ஒன்பதாம் நாள் பட்டறை முடிந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை. பொன்னம்பலத்துக்குக் கேட்கவா வேண்டும்! சுத்தியலுக்குப் பொட்டு, ரம்பத்துக்குப் பொட்டு, கரணைக்குப் பெரிய பொட்டு. ஆணி டப்பாக்களுக்குக்கூட சந்தனம்!

"என் தோசைத்திருப்பிக்கும் அரிவாள்மணைக்கும் கிடையாதா?" என்று கேட்டது மரகதம்.

"அதெல்லாம் அடுப்படிச் சாமான். இதெல்லாம் தொழில் கருவி!"

ஓணான் தலையாட்டியது.

கற்பூரம் அணைவதற்குள் இடி இடித்தது. மழை கொட்டியது. குளம் மளமளவென்று ஏறியது. குட்டிகளின் அறையிலிருந்து மரகதம் அலறியது.

"ஏங்க! விரிசல்ல தண்ணி வருது! கரணையை எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!"

"ஐயையோ! பொட்டு வச்ச கருவியை இன்னிக்குத் தொடக்கூடாது. சாமி குத்தம்! நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்."

"நாளைக்குக் காலையில பிள்ளைங்க நடுக்குளத்துல இருக்கும்!"

"நீயே சொல்லு சபாபதி, தொடலாமா?"

"தொடவே கூடாதுண்ணே!"

விரிசலோரம் ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் பீறிட்டது. கடைக்குட்டி வைக்கோலோடு மிதக்க ஆரம்பித்தது. மரகதம் அதைக் கவ்வி எடுத்தது. பூஜைக்கு வைத்த பொரிக் கூடையைக் கவிழ்த்து, நான்கு குட்டிகளையும் அதில் போட்டுப் புருஷன் கையில் திணித்தது.

"பிடிங்க! இதுங்களுக்கு நீங்க பொட்டு வைக்கலை. தொடலாம்!"

பிறகு அடுப்படிக்கு ஓடித் தோசைத்திருப்பியை எடுத்தது. வைக்கோலை விரிசலில் அடைத்தது. களிமண்ணை அப்பி அப்பி, தோசைத்திருப்பியால் இழுத்து இழுத்துப் பூசியது. பூச்சு பிடிக்கும்வரை முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது. தண்ணீர் நின்றது.

பொன்னம்பலம் கூடையோடு எட்டிப் பார்த்தது. "பரவாயில்லையே! என்ன, ஃபினிஷிங்தான் கொஞ்சம் மேடுபள்ளமா இருக்கு."

மரகதம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு ஓணானின் தலையே ஆடாமல் நின்றுவிட்டது.

"பிள்ளைங்க அறை முழுக்கச் சேறு. இந்த வீட்டுல காய்ஞ்ச இடம் உங்க பட்டறை மட்டும்தான். பிள்ளைங்க இனிமே அங்கேதான் தூங்கும். காலி பண்ணுங்க!"

"இன்னிக்குத் தொடக்கூடாதே மரகதம்!"

"தொடாம எடுக்க ஒரு சிஸ்டம் போடுங்க!"

பொன்னம்பலம் ஒவ்வொரு கருவியையும் மூக்கால் தள்ளித் தள்ளி மழையில் கொண்டுபோய் விட்டது. "நான் வர்றேண்ணே, வேலை இருக்கு" என்று சபாபதி வேலி தாண்டி ஓடிவிட்டது.

நீதி: வேலையைச் செய்யாமல் அதற்கு ஏற்பாடு மட்டுமே செய்துகொண்டிருப்பவனும் சோம்பேறிதான், என்ன, அவன் வியர்க்க விறுவிறுக்கச் சோம்பேறியாக இருக்கிறான்.