ஐந்தாவது அழகு

ஹயான் என்ற வெண்கொக்கு ஆற்று நடுவிலிருந்த பாறைமேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. பாறையோரம் ஒரு கொழுத்த மீன் வந்து வாலை ஆட்டியது. ஹயான் குனியவில்லை.

"இவ்வளவு கிட்ட வந்திருக்கேன், கொத்தலையா?" என்று மீனே கேட்டுவிட்டது.

"போ, போ! பெரியவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க!" என்று அலகைத் திறக்காமலே முணுமுணுத்தது ஹயான்.

ஒரு கொக்கு இப்படிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊர் அப்படி. கொரியா நாட்டு மலைகளுக்கு நடுவே இருந்த உல்லிம் என்ற ஊர் அது. ஆறு அந்த ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடியது. நாலாவது பக்கம் பைன் மரத்தோப்பு. ஆற்றுக்கு அக்கரையில் செங்குத்தான குன்று. குன்றின் உச்சியில் சுவரே இல்லாத ஒரு சின்ன மண்டபம்.

கவிஞர்களும் பண்டிதர்களும் கறுப்புத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக அந்த மண்டபத்துக்கு வருவார்கள். ஆற்றைப் பார்ப்பார்கள். அரிசிக் கள் குடிப்பார்கள். மறுபடியும் ஆற்றைப் பார்ப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு பாட்டு எழுதுவார்கள். நல்ல பாட்டைப் பலகையில் செதுக்கி மண்டபத்து உத்தரத்தில் மாட்டிவிடுவார்கள். அதோடு விட்டார்களா? ஊரில் பார்க்க வேண்டிய அழகுகள் மொத்தம் எட்டு என்று எண்ணிப் பட்டியலும் போட்டு வைத்தார்கள். முதல் அழகு, ஆற்றின்மேல் காலைப் பனி. ஐந்தாவது அழகு, பாறைமேல் நிற்கும் கொக்கு.

மண்டபத்துக்குப் பக்கத்து மரத்தில் காச்சி என்ற வால்காக்கை குடியிருந்தது. காலையில் காச்சி கத்தினால் நல்ல விருந்தாளி வருவார் என்று ஊரார் நம்பினார்கள். அதனால் அதற்குத் தலைகால் புரியாத பெருமை. கேட்டுக் கேட்டு எல்லாப் பாட்டும் அதற்கு மனப்பாடம்.

பனி உருகிய கையோடு ஒருநாள் காச்சி பறந்து வந்தது. "அண்ணே! உங்களைப் பத்திப் பாட்டு இருக்கு, தெரியுமா? 'பாறைமேல் கொக்கு நிற்கிறது. மீன் அருகே வந்தும் குனியவில்லை. ஆசையை விட்டவர் யாரென்று இனிக் கேட்காதீர்.' இதுதான் பாட்டு!"

"என்னைப் பத்தியா?"

"வேற யாரைப் பத்தி? பாறைமேல நிக்கிற கொக்கு நீங்கதானே!"

அன்று பிடித்தது பித்து. யாராவது மண்டபத்தில் இருந்தால் ஹயான் பாறையை விட்டு அசையாது, மீனையும் தொடாது. அது வசந்த காலம், கவிஞர்கள் தினமும் வந்தார்கள். பாவம், ஹயான் பொழுது சாய்ந்தபிறகு அவசர அவசரமாக நாலு பூச்சியைத் தின்றுவிட்டுப் படுத்தது.

வீட்டிலோ மூன்று குஞ்சுகள். பைன் மர உச்சியில் இருந்த கூட்டில் விடிந்ததிலிருந்து ஒரே கத்தல். அவற்றுக்கு இரை தேடியது முழுக்க மனைவி யுன்மிதான். நாற்று நடுவதற்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டிச் சேற்று உழவு நடக்கும் நேரம் அது. கலப்பை போகும் வழியில் அயிரை மீன்கள் துள்ளி வெளியே வரும். யுன்மி, நூரங்கி என்ற மஞ்சள் மாட்டின் வாலுக்குப் பின்னாலேயே நடந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு பறக்கும்.

"ஏங்க, நீங்களும் வயலுக்கு வரலாமில்ல? மூணு வாய்க்கு ஒருத்தி எவ்வளவுதான் கொண்டு வர்றது?" என்றது யுன்மி.

"வயலுக்கா! மாட்டு வாலுக்குப் பின்னாலயா! ஐந்தாவது அழகு சேத்துல கால் வைக்கிறதாவது! யாராவது பார்த்தா பாட்டு என்னத்துக்கு ஆகும்?"

"பாட்டு பலகையில பத்திரமாத்தான் இருக்கு. குஞ்சுங்கதான் எலும்பும் தோலுமா இருக்கு."

ஹயான் சிறகைக் கோதிக்கொண்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் யுன்மி நொண்டிக்கொண்டே கூட்டுக்குத் திரும்பியது. சேற்றுக்குள் புதைந்திருந்த உடைந்த கூரை ஓடு அதன் பாதத்தைக் கிழித்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. அலகில் இரையும் இல்லை.

"இன்னிக்கு என்னால சேத்துல நிக்க முடியாதுங்க. நீங்க போங்க. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு வயல்தான். மத்தியானத்துக்குள்ள உழுது முடிச்சுட்டு நாத்து நட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் அயிரை மீன் கண்ணுலயே படாது. சின்னவன் நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

ஹயானுக்கும் மனசு பதறியது. "இதோ, இப்பவே போறேன்!" என்று சிறகை விரித்தது.

அந்த நேரம் பார்த்துக் காச்சி கத்திக்கொண்டே வந்து இறங்கியது. "அண்ணே! அண்ணே! தலைநகரத்துல இருந்து பெரிய பண்டிதர் வந்திருக்கார்! ஐந்தாவது அழகைப் பார்க்கத்தான் பத்து நாள் நடந்து வந்தாராம்! பாறை காலியா கிடக்குதே!"

ஹயான் மனைவியைப் பார்த்தது. காச்சியைப் பார்த்தது. "ஒரே ஒரு பாட்டு, யுன்மி. எழுதி முடிச்சதும் ஓடி வந்துடறேன்."

யுன்மி திரும்பிச் சின்னவனைச் சிறகால் அணைத்துக்கொண்டது.

ஹயான் பாறையில் போய் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பண்டிதர் மண்டபத்தில் உட்கார்ந்தார். காகிதத்தை விரித்தார். மையை அரைத்தார். ஆகா, எழுதப் போகிறார் என்று ஹயான் கழுத்தை இன்னும் அழகாக வளைத்துக்கொண்டது. அவரோ ஒரு கிண்ணம் கள் குடித்தார். கூட வந்தவர்களிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். இன்னொரு கிண்ணம் குடித்தார். அப்புறம் தூணில் சாய்ந்து நன்றாகக் குறட்டை விட்டார்.

வெயில் ஏறியது. தோப்பிலிருந்து குஞ்சுகள் கத்துவது ஹயானுக்குக் கேட்டது. மூன்று குரல்கள். பெரியவன் குரல் கரகரவென்று இருக்கும். நடுவில் உள்ளவள் விடாமல் கத்துவாள். சின்னவன் குரல் கீச்கீச்சென்று மெல்லியது.

'எழுந்திருங்க ஐயா, சீக்கிரம் எழுதுங்க!' என்று ஹயான் மனசுக்குள் கெஞ்சியது.

ஒருவழியாகப் பண்டிதர் விழித்தார். கண்ணைத் துடைத்தார். தூரிகையை எடுத்து மையில் தோய்த்தார். ஆற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அப்போது ஹயானுக்கு ஏதோ குறைவது போல இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. கரகரக் குரல் கேட்டது. விடாமல் கத்தும் குரலும் கேட்டது. கீச்கீச்சென்ற குரல் மட்டும் கேட்கவில்லை.

தூரிகை காகிதத்தைத் தொட இன்னும் ஒரு விரல்கடைதான் இருந்தது. இருந்தால் இருக்கட்டும்! ஹயான் தூக்கிய காலைக் கீழே வைத்தது, சிறகை அடித்தது, பறந்தே போய்விட்டது.

"ஐயையோ அண்ணே! பாட்டு!" என்று பின்னாலிருந்து காச்சி கதறியது. ஹயான் திரும்பிப் பார்க்கவில்லை.

வயலில் கடைசி இரண்டு உழவுச் சால்கள்தான் மிச்சம் இருந்தன. ஹயான் நேராக நூரங்கியின் வாலுக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது. சேறு தெறித்துக் கழுத்துவரை அப்பிக்கொண்டது.

"யாரது? ஐந்தாவது அழகா! வழி தவறி வந்துட்டீரா தம்பி?" என்றது நூரங்கி.

"கேலி பண்ணாதீங்க அண்ணே! என் சின்னவன் சாகக் கிடக்கிறான்! மீன் குனிஞ்சா கிடைக்குமா, நின்னா கிடைக்குமா? எனக்கு எல்லாம் மறந்துபோச்சு!"

நூரங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. "குனிஞ்சாத்தான் கிடைக்கும். என் பின்னங்காலுக்குப் பின்னாலேயே வா. நான் மெதுவா நடக்கிறேன். உழவர் திட்டினா திட்டட்டும்."

நூரங்கி அடிமேல் அடி வைத்து நடந்தது. உழவர் அதட்டினார், அது காதில் வாங்கவில்லை. ஹயான் குனிந்து குனிந்து கொத்தியது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. தொண்டை கொள்ளும் மட்டும் அயிரை மீனை நிரப்பிக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது.

சின்னவன் கண்ணை மூடிக் கிடந்தான். யுன்மி சிறகால் அணைத்திருந்தது. ஹயான் ஒரு மீனை அவன் அலகில் வைத்தது. மீன் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை சின்னவன் தொண்டை மெல்ல அசைந்தது. மீன் உள்ளே போனது. சற்று நேரம் கழித்து, 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஹயான் அங்கேயே உட்கார்ந்து அழுதது. கொக்கு அழுமா என்றால், பெற்ற மனம் எதுவானாலும் அழும்.

"அழுதது போதும். இன்னும் ஒரு சால் இருக்கு, ஓடுங்க!" என்றது யுன்மி. ஹயான் ஓடியது.

மாலையில் காச்சி வந்தது. அதன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்ன காச்சி, பண்டிதர் கோபிச்சுக்கிட்டாரா?" என்று கேட்டது ஹயான்.

"கோபமா! நீங்க பறந்ததும் பாறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரே மூச்சுல எழுதினார். 'பத்து நாள் நடந்து வந்தேன். பாறை இருக்கிறது, கொக்கு இல்லை. ஆசையை விட்டவர் பாறையையும் விட்டுவிட்டார்.' கூட இருந்தவங்க எல்லாம் தொடையைத் தட்டி ரசிச்சாங்க! நாளைக்கே பலகையில செதுக்கப் போறாங்களாம். ஐந்தாவது அழகு இனிமே வெறும் பாறைதானாம், அண்ணே!"

யுன்மிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆசையை விட்டவராமே! தொண்டை முட்ட அயிரை மீனோட வந்தவரா!"

"அப்ப நான் ரெண்டு மாசமா நின்னது?" என்று கேட்டது ஹயான்.

"சும்மா நின்னதுதான்!" என்றது யுன்மி.

இந்த முறை ஹயானும் சேர்ந்து சிரித்தது. காரணம் தெரியாமலே குஞ்சுகள் மூன்றும் கத்தின. மறுநாள் விடிந்ததும் மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஹயான் அவர்கள் கண்ணெதிரே ஆற்றில் இறங்கி, குனிந்து, கொழுத்த மீனாகப் பார்த்துக் கொத்தியது. யுன்மியின் கால் ஆறியது. கோடை மழை தொடங்குமுன் குஞ்சுகள் பறந்தன, எல்லோரையும் முந்திக்கொண்டு பறந்தவன் சின்னவன்.

நம்மைப் பற்றிய புகழ் நாம் இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும், நம்மை நம்பியிருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்பதால் முதலில் அவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.