தனி அடுப்பும் ஃபோன் எழுதிய சமாதானமும்

சாத்தூரில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விடையை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

வேல்சாமி தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றுகிறவன். அவன் மனைவி முனீஸ்வரி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், பிள்ளை தவழ ஆரம்பித்தும் திரும்பவில்லை. காரணம் மாமியார் சீனியம்மாளின் அடுப்படி. மசக்கையில் ஒரு வாய் புளிச்சோறு கிளறக்கூட அங்கே அவளுக்கு உத்தரவு வேண்டியிருந்தது. "தனியா இருக்க வழி பண்ணுங்க, வாறேன்" என்றாள்.

வேல்சாமிக்குப் பேச வராது. ஃபோனில் கூப்பிட்டால் ரெண்டாவது வார்த்தையே சண்டை. "வந்தா வா, வராட்டி இரு" என்று வைத்துவிடுவான்.

ஒருநாள் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "உன் மனம் நொந்தது எனக்குப் புரிகிறது. பிள்ளையின் சிரிப்பு இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது" என்று தேனாக ஒழுகியது. நடுவில் ஒரு வரி மட்டும் கல் மாதிரி கிடந்தது: "தனி அடுப்பு வைக்கலாம் வேற வீடு முடியாது." முனீஸ்வரி முழுதும் படித்தாள். அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். பிறகு துணிகளை மடித்தாள்.

புருஷன் வீட்டுக்கு வந்து பார்த்தால், சொன்னபடியே பின்பக்கத் தாழ்வாரத்தில் அடுப்பு இருந்தது, சிலிண்டரோடு. சீனியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிள்ளைக்குப் பாட்டுப் போடப் புருஷன் ஃபோனை எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கேட்டதை எழுதிக் கொடுக்கும் செயலி ஒன்றிடம் அவன் கெஞ்சியிருந்தான்: "நான் பேசுனா சண்டையாகுது. நீ நல்லபடியா எழுதிக் கொடு." அதுவும் எழுதியிருந்தது. மனம் நொந்தது, சிரிப்பு, வெறிச்சோடிய வீடு, நடுவில் "விரைவில் தனி வீடு பார்த்துக் குடியேறுவோம்" என்று ஒரு வரி. அதற்குமேல் படிக்காமல் ஃபோனைக் கீழே வைத்தாள்.

"எவகிட்டயோ கேட்டு எழுதுன மாதிரில்ல இருக்கு. மனசுல உள்ளத அதுகிட்ட சொல்லத் தெரியுது, எங்கிட்டச் சொல்ல வாயில்ல. நான் ஒத்துக்கிட்டது செல்லாது. பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்புறேன்."

வேல்சாமி ஃபோனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பேசியது சீனியம்மாள்தான். "உனக்காவது நல்ல வார்த்தை தேடி அலைஞ்சிருக்கான். எங்கிட்ட, 'தனி அடுப்பு வைக்கப் போறேன், வேற வீடு முடியாது'ன்னு மூஞ்சிக்கு நேரா போட்டுட்டுச் சாப்பிட உக்காந்தான். பெத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை அந்த மிஷின்ல கேக்கத் தோணல பாரு."

"உங்ககிட்ட அவரு வாயால பேசுனாரு அத்தை. எனக்கு அதுகூடக் கிடைக்கல."

தெரு ரெண்டாகப் பிரிந்தது. "இடம் வாங்க புரோக்கர் வச்சுப் பேசுறோம், இதுல என்ன குத்தம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "பொண்டாட்டிகிட்டப் பேசவுமா புரோக்கரு" என்றாள் குழாயடியில் நின்ற ஒருத்தி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாமியாரைப் பார்த்து மருமகள் பொறாமைப்பட்டது நியாயமா, மருமகளைப் பார்த்து மாமியார் பொறாமைப்பட்டது நியாயமா? முனீஸ்வரி கிளம்பலாமா?

விடை: ரெண்டுமே நியாயமில்லை. ஃபோன் எழுதியது தனி வீடு. முனீஸ்வரிக்கு வந்தது தனி அடுப்பு. முடியாததை அழித்துவிட்டு, முடிந்ததைத் தன் கையால் எழுதியவன் வேல்சாமி. அம்மாவிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். அதனால் ரெண்டு பேருக்கும் அவன் கொடுத்தது ஒன்றுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. முனீஸ்வரி துணி மடித்தது தேனுக்காக இல்லை, நடுவில் கிடந்த அந்தக் கல்லுக்காக. கிளம்ப வேண்டாம். பொறாமைப்பட வேண்டியது அந்த ஃபோன்தான். அவ்வளவு அழகாக எழுதியும், அது எழுதியதற்காக யாரும் வரவில்லை.